ஊர், தேதி, நமது நிருபர்

பொறாமை என்று எழுதினால் கொஞ்சம் மரியாதையாகத் தெரிகிறது. எனக்கு இருந்தது வயிற்றெரிச்சல், அதுவும் என் ஓரகத்தி மேல். என் கணவரின் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்தவள், என்னைவிட எட்டு வயது சின்னவள். நிறத்திலோ நகையிலோ சமையலிலோ எங்களுக்குள் போட்டி கிடையாது. சமையலில் அவள் சுமார்தான். அவள் ரசம் வைத்தால் புளி கரைத்த வெந்நீர் மாதிரி இருக்கும். எனக்கு எரிந்தது பழைய பேப்பர் விஷயத்தில். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், சிரிப்புதான் இங்கே பிரச்சினையே.

நாங்கள் ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். மாமனார் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அந்தத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் கணவரும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டதால் குவார்ட்டர்ஸ் வாழ்க்கை தொடர்ந்தது. மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். எண்பதுகளின் தொடக்கத்தில் மாமாவுக்குக் கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷன் செய்தும் பார்வை சரியாக வரவில்லை. ஆள் வருவது தெரியும், எழுத்து தெரியாது. அன்றிலிருந்து தினமும் காலையில் அவருக்குப் பேப்பர் படித்துச் சொல்வது என் வேலை ஆயிற்று.

அந்த வேலையை நான் சும்மா செய்யவில்லை. நான் பி.ஏ. வரை படித்தவள், உச்சரிப்பு சுத்தமாக இருக்கும். தலைப்பை மட்டும் படித்துவிட்டு அடுத்ததற்குத் தாவ மாட்டேன். ஊர் பெயர், தேதி, 'நமது நிருபர்' எல்லாம் சேர்த்துப் படித்த பிறகுதான் செய்திக்குள் போவேன். அது எனக்கு ஒரு ஒழுங்கு. மாமா கையில் காபி டம்ளரோடு கேட்டுக்கொண்டிருப்பார். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு "ம்". அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொல் வராது. முடிந்ததும் தடியை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த சிமென்ட் பெஞ்சுக்குப் போவார். அங்கே அவரைப் போல ஓய்வு பெற்ற நாலு பேர் காத்திருப்பார்கள். நான் படித்ததை அவர்களுக்கு இவர் சொல்வார். பேப்பர் வாங்குகிற வீட்டுக்காரர்கள்கூட இவர் வாயால் கேட்ட பிறகுதான் அது செய்தி என்று ஒப்புக்கொள்வார்கள்.

படித்த பேப்பரை நான் தேதிவாரியாக அடுக்கிச் சணலால் கட்டிப் பரணில் வைப்பேன். டிசம்பர் வந்தால் அந்தக் கட்டுகள் இறங்கும். கிறிஸ்துமஸ் குடிலுக்கு மலை செய்ய வேண்டுமே. பேப்பரைக் கசக்கி, மைதாப் பசையில் தோய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, காய்ந்ததும் காவியும் பச்சையும் அடித்தால் மலை. குவார்ட்டர்ஸில் எங்கள் மலைதான் பெரியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கிழிப்போம், கசக்குவோம். பேச்சே இருக்காது. ஏதோ பிராயச்சித்தம் செய்கிற மாதிரி இருக்கும்.

ஓரகத்தி வந்த முதல் டிசம்பர் அது. அவளுக்கு நசரத்பேட்டை. பேச ஆரம்பித்தால் 'இன்னா', 'கீது', 'வந்துகினு' தவிர வேறு வராது. கொழுந்தனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, மண்ணூர்பேட்டையில் வாடகை வீடு. இரண்டு பேரும் குடில் வேலைக்கு வந்திருந்தார்கள். அவள் ஒரு பழைய தாளைக் கையில் எடுத்தவள், கசக்காமல் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"சென்னையில் கடும் குடிநீர் வெள்ளம். நிரம்பிய குடங்களைக் காலி செய்ய அதிகாலை முதல் பெண்கள் நீண்ட வரிசை. முந்திக் கொட்ட முயன்றதில் கைகலப்பு."

தாளில் இருந்தது குடிநீர்ப் பஞ்சம் என்று எனக்குத் தெரியும். நான்தான் அதை மாமாவுக்குப் படித்திருந்தேன், ஊர் தேதியோடு.

முதலில் கொழுந்தன் சிரித்தான். என் கணவர் சிரித்தார். அப்புறம் ஒரு சத்தம் கேட்டது, அது என்ன சத்தம் என்றே எனக்கு முதலில் புரியவில்லை. மாமா சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, பசைக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அந்த வீட்டுக்கு வந்து ஏழு வருஷம். அந்த மனிதருக்குப் பல் வரிசை எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இன்னொண்ணு படி சின்னவளே" என்றார்.

அவள் விடுவாளா? அடுத்த தாளை எடுத்தாள். நம் நாட்டுக்காரர் ஒருவர் விண்வெளிக்குப் போன செய்தி. "விண்கலம் பூந்தமல்லி ஸ்டாப்பிங்கில் நிற்காமல் சென்றது. பயணிகள் துரத்தி ஓட்டம். கல்லூரி மாணவர் இருவர் படியில் தொற்றி நிலவு வரை பயணம்." அடுத்தது கிரிக்கெட்டில் இந்தியா உலகக் கோப்பை வென்ற செய்தி. "கோப்பையைக் கோட்டை விட்டது இந்தியா. ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு ஜன்னல் கண்ணாடியும் உடையவில்லை. மாணவர்கள் அனைவரும் கணக்கில் தேர்ச்சி." அப்புறம் டிவி பற்றி ஏதோ ஒரு விளம்பரம். "தொலைக்காட்சி கண்டுபிடிக்கப்படவில்லை. ஞாயிறு மாலை ஆராதனைக்கு மாதா கோயிலில் நிற்க இடமில்லை. கூட்டத்தைக் கண்ட சாமியார் மயங்கி விழுந்தார்."

அன்றைக்கு மலை ஒரு முழம்கூட உயரவில்லை. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். நான் ஒருத்திதான் பசை காய்ந்துவிடப் போகிறதே என்று தாளை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கும் வராதா என்ன? இத்தனை வருஷம் பேப்பரோடு புழங்கியவள் நான். ஒரு தாளை எடுத்து, "பருவமழை பொய்க்கவில்லை" என்று படித்தேன். தாளில் பொய்த்தது என்று இருந்தது.

எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"அப்புறம்?" என்றார் என் கணவர்.

"அப்புறம் என்ன? அவ்வளவுதான். பொய்க்கவில்லை."

"ஓ" என்றார். கொழுந்தன் மரியாதைக்கு ஒரு சின்னச் சிரிப்பு சிரித்தான், அதுதான் அதிகமாக எரிந்தது. ஓரகத்தி, "அக்கா சொல்றதும் நல்லாத்தான் கீது. மழ பேஞ்சா நல்லதுதானே" என்று எனக்கு முட்டுக் கொடுத்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; நான் அன்றைக்கு மைதாவில் கட்டி விழுந்திருக்கிறது என்று அடுப்படிக்குள் போய்விட்டேன்.

குடில் வேலை முடிந்தும் அது நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் மாமாவுக்குச் சின்னவள் வர வேண்டும், ஒரு கட்டுப் பேப்பர் இறங்க வேண்டும். நான் தேதிவாரியாக அடுக்கியதை அவள் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டுப் படிப்பாள். போகும்போது திரும்ப அடுக்க வேண்டியது நான். ஆறு நாள் காலையில் தொண்டைத் தண்ணீர் வற்ற நிஜத்தைப் படிக்கிறவளுக்கு "ம்". ஏழாம் நாள் வந்து பொய்யை அள்ளிவிடுகிறவளுக்கு அந்தச் சிரிப்பு. ஒருநாள் திங்கட்கிழமை நான் பாதி படித்துக்கொண்டிருக்கையில் மாமா கேட்டார், "ஏம்மா, சின்னவ மாதிரி கொஞ்சம் படிச்சா என்ன?"

அன்றைக்குச் சாம்பாரில் உப்புப் போட மறந்தேன். மறந்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.

தை பிறந்ததும் இன்னொன்று வந்தது. "ஈஸ்டர் கழிச்சுச் சின்னவ வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வாரேன்" என்றார் மாமா. கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் போய்விட்டால் காலையில் நான் யாருக்குப் படிப்பது? என் கணவர் விளையாட்டுப் பக்கம் மட்டும் பார்த்துவிட்டு ஷிப்டுக்கு ஓடுகிறவர். ஊர், தேதி, நமது நிருபர் என்று நான் படிப்பதைக் கேட்க இந்த உலகத்தில் அந்த ஒரு ஆள்தான் இருந்தார். அவரையும் அவள் சிரிக்க வைத்தே கொண்டு போகப் பார்த்தாள். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

அவளைவிட ஒரு படி மேலே போக வேண்டும் என்று முடிவு செய்தேன். பரணில் தேடி ஒரு பழைய தாள் எடுத்தேன். எங்கள் ரயில்வே கேட்டில் மேம்பாலம் கட்டச் சொல்லிப் பொதுமக்கள் மனு கொடுத்த செய்தி. அந்த கேட் போட்டால் போட்டதுதான். இரண்டு பக்கமும் சைக்கிளும் பஸ்ஸும் நின்று நின்று, ஒரு மின்சார ரயில் போய், எதிர்ப் பக்கத்தில் இன்னொன்று வந்து, நடுவில் ஒரு கூட்ஸ் நகர்ந்து முடிய அரை மணி ஆகும். மாமா வேலையில் இருந்த காலத்தில் அந்த கேட்டில் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவர். மனுவுக்குக் கையெழுத்து வாங்க வீடு வீடாக ஏறி இறங்கியதும் அவர்தான். பாலம் என்றால் அவருக்கு அத்தனை ஆசை. ஒரு தூண்கூட எழும்பாத இடத்தில் பாலம் திறந்தாயிற்று என்று படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் காலையில் நாலைந்து செய்தி படித்த பிறகு, அதே குரலில் ஆரம்பித்தேன். ஊர் பெயர் சொன்னேன், தேதி சொன்னேன், நமது நிருபர் என்றேன். பழக்க தோஷம். "பொதுமக்களின் நீண்ட நாள் கோரிக்கையை ஏற்று ரயில்வே கேட்டில் கட்டப்பட்ட மேம்பாலம் இன்று திறக்கப்படுகிறது. முதல் மனுவில் கையெழுத்திட்ட முதியவர்கள் மாலை மரியாதையுடன் பாலத்தின் மீது அழைத்துச் செல்லப்படுவார்கள்."

சிரிப்புக்காகக் காத்திருந்தேன்.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "என்னம்மா சொல்லுத?" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் அந்த முகம் அப்படிப் பிரகாசித்து நான் பார்த்ததில்லை. சின்னவளுக்காகச் சிரித்தபோதுகூட அப்படி இல்லை. அவர் கேட் பக்கம் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அங்கே தூண் இருக்கிறதா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதை நான் யோசிக்கவே இல்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். பொய் மாமா, சும்மா விளையாட்டுக்கு என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. அந்த முகம் என்னைப் பார்த்துத்தானே அப்படி ஆயிற்று, இரண்டு நிமிஷம் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தேன். அடுப்பில் பால் பொங்கியது. இறக்கி வைத்துவிட்டு வருவதற்குள், மாமா கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு தடியோடு கிளம்பிப் போயிருந்தார். பின்னாலேயே ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். ஓடவில்லை.

பெஞ்சில் நடந்ததைப் பிற்பாடு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். மாமா போய்ச் செய்தியைச் சொன்னதும் மற்றவர்கள் நம்பவில்லை. "நேத்துக்கூட அந்தப் பக்கமாத்தான் வந்தேன், பாலமாவது ஒண்ணாவது" என்று ஒருத்தர் அடித்துச் சொல்லியிருக்கிறார். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க பெரியவ படிச்சா, வே. அவ படிச்சா ஒரு எழுத்து தப்பு இருக்காது. நீ வேற எந்த கேட்டையாவது பாத்திருப்ப" என்று சண்டை போட்டு, நாலு பேரையும் கிளப்பிக்கொண்டு வெயிலில் நடந்து போயிருக்கிறார்.

பதினோரு மணிக்குத் திரும்பி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. செருப்பெல்லாம் புழுதி. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

"கேட்டு அப்படியேதாம்மா இருக்கு. கைய வச்சுப் பாத்தேன்" என்றார்.

"மாமா, அது வந்து... சின்னவ படிக்கிற மாதிரி..."

"சின்னவ படிச்சா பொய்னு தெரியும்ல. நீ தேதியோட படிச்சியேம்மா."

திட்டியிருந்தால் தேவலை. அழுது தீர்த்திருப்பேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, நானே தேடிக்கொண்டது. பெஞ்சில் அவருக்குப் 'பாலத்துக்காரர்' என்று பெயர் விழுந்தது. இரண்டு வாரம் அந்தப் பக்கமே அவர் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓரகத்தி வந்தாள். விஷயத்தைக் கேட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "அக்கா, இன்னா அக்கா இது! மாலை மரியாதைன்னு வேற படிச்சியா? எனக்கே இந்த மாறி வராதுக்கா!" என்றாள். அவள் மனதாரப் பாராட்டினாள். எனக்கோ அவளைக் குடில் மலையோடு சேர்த்து ஒட்டிவிடலாமா என்றிருந்தது.

மண்ணூர்பேட்டைக்கு மாமா ஒரு வாரம் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டார். அந்த வீட்டில் தண்ணீர் சரியில்லையாம். காலைப் படிப்பு தொடர்ந்தது. ஆனால் "ம்" போய்விட்டது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு செய்திக்கும், "நெசமாத்தானா?" என்று கேட்பார். மழைச் செய்திக்கும் நெசமாத்தானா, தேர்தல் செய்திக்கும் நெசமாத்தானா. "நெசம் மாமா" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவேன். பெஞ்சுக்குப் போய் எதையும் அவர் முதலில் சொல்வதில்லை. வேறு யாராவது சொன்னால், "ஆமா, எங்க வீட்டுலயும் படிச்சாங்க" என்பதோடு சரி. நான் அந்த "ம்"முக்கு ஏங்கினேன். இருந்தபோது அதை ஒரு பொருட்டாக நினைக்காதவள்.

இப்படியே ஒன்பது வருஷம் போயிற்று. தொண்ணூறுகளின் நடுவில் மாமா படுத்த படுக்கை ஆனார். பெஞ்சில் இருந்தவர்களில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மாமாவுக்குக் காது மட்டும் கூர்மையாக இருந்தது. கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டு படிப்பேன்.

ஒருநாள் காலையில் மூன்றாம் பக்கத்தில் அந்தச் செய்தி வந்திருந்தது. எங்கள் ரயில்வே கேட்டில் மேம்பாலம் கட்ட அனுமதி கிடைத்துவிட்டது, வேலை விரைவில் தொடங்கும் என்று. குரலைச் சரிபண்ணிக்கொண்டு, ஊர், தேதி, நமது நிருபர் என்று ஆரம்பித்து ஒரு வரி விடாமல் படித்தேன்.

மாமாவின் தோள் குலுங்கியது. முதலில் இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு. "தேதியெல்லாம் போட்டுப் படிக்கா பாரு!" என்று சிரித்தார்.

"மாமா, நெசம் மாமா. இந்தத் தடவை நெசமாவே போட்டிருக்கான்."

"நெசமாம்!" இன்னும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"சத்தியமா மாமா."

"சத்தியமாம்! போதும்மா, வயிறு வலிக்கி. சின்னவ தோத்தா, போ."

ஒன்பது வருஷமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், வற்புறுத்த மனசு வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓரகத்தி வந்ததும் வராததுமாக மாமா அவளிடம், "பெரியவ ஒண்ணு படிச்சா பாரு! பாலத்துக்கு அனுமதியாம்!" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். அவள் வீட்டிலும் அதே பேப்பர்தான் வாங்குவார்கள். ஒரு நொடிகூட யோசிக்காமல், "ஐயய்யோ, என் பொழப்பப் புடுங்கிட்டியே அக்கா!" என்று கையைத் தட்டிச் சிரித்தாள்.

பிறகு அடுப்படிக்கு வந்தாள். "அக்கா, அது நெசமாவே வந்துகீது இல்ல?"

"ஆமாம். எவ்வளவோ சொன்னேன், நம்ப மாட்டேங்கிறார். நீயாவது சொல்லேன்."

"நான் சொன்னா நம்பிடுவாரா? நான் வாயத் தொறந்தாலே சிரிப்பாரு." தேங்காய்த் துருவலில் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "அந்தக் காலத்துல நீ படிச்சா அப்டியே எழுந்து போயி நாலு பேருக்குச் சொல்லுவாரு. நான் இத்தினி வருசம் படிச்சதுல ஒண்ணையாச்சும் வெளிய போயி சொல்லிகீறாரா? எனக்கு அப்போ உன்னப் பாத்தா எவ்ளோ வயிறு எரியும் தெரியுமா அக்கா?"

எனக்குத் தெரியாது. கேட்டதும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். இவளுக்கு எரிகிற மாதிரி என்னிடம் ஒன்று இருந்ததா என்று. பிறகுதான் அது இப்போது இல்லை என்பது உறைத்தது.

உள்ளேயிருந்து மாமா கூப்பிட்டார். "பெரியவளே, அந்தப் பாலத்த இன்னொரு தடவ படியம்மா. சின்னவளும் கேக்கட்டும்."

பாலத்துக்குக் கடைக்கால் தோண்டுவதற்குள் மாமா போய்விட்டார். ஆனால் அது பிறகு. அன்றைக்கு நான் கையைத் துடைத்துக்கொண்டு போய் அந்தத் தாளை எடுத்தேன். ஓரகத்தி அவர் கால்மாட்டில் உட்கார்ந்தாள். ஊர், தேதி, நமது நிருபர் எல்லாம் சேர்த்து, ஒரு எழுத்து மாற்றாமல் படித்தேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.